வேலிக்கு அந்தப் பக்கம் 1,400, இந்தப் பக்கம் 13,000

டிசம்பர் 10, ஏப்ரல் 10. கல்யாண நாளை ஒருமுறை மறந்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இந்த இரண்டு தேதிகளை மட்டும் மறப்பதில்லை. கலிஃபோர்னியாவில் வீட்டு வரியின் இரண்டு தவணைகளுக்கும் இவைதான் கடைசி நாட்கள். தாண்டினால் 10 சதவீதம் அபராதம். நாங்கள் ஃப்ரீமாண்டில் வீடு வாங்கிய 2017-ல் முதல் தவணையையே தவறவிட்டு 650 டாலர் தண்டம் அழுதேன்.

அந்தச் சனிக்கிழமை குப்பைத் தொட்டியை உள்ளே இழுத்துக்கொண்டே புலம்பினேன். வேலிக்கு அந்தப் பக்கம் எலுமிச்சை மரத்தடியில் பக்கத்து வீட்டுப் பெரியவர் நின்றிருந்தார். எழுபதைத் தாண்டியவர். என்ன ஆச்சு என்று கேட்டார். சொன்னேன்.

"650 அபராதமா? என் தவணையே கிட்டத்தட்ட அவ்வளவுதான்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. எவ்வளவு வரி கட்டுகிறீர்கள் என்றேன். ஆயிரத்து நானூறு சொச்சம் என்றார்.

"மாசத்துக்கா?"

"வருஷத்துக்கு."

பிறகு, கொஞ்சம் சங்கடப்பட்ட மாதிரி, ஒரு பை நிறைய எலுமிச்சை பறித்துக் கொடுத்தார்.

அவர் வீடும் என் வீடும் ஒரே கட்டுமானக்காரர் 1960-களில் கட்டியவை. ஒரே வரைபடம், இடம் வலம் மட்டும் மாற்றம். என் சமையலறை சுவருக்கு எதிரே அவர் சமையலறை சுவர். ஒரே தீயணைப்பு நிலையம், ஒரே பள்ளிக்கூடம், ஒரே பள்ளம் விழுந்த தெரு. அவர் 1974-ல் 34,000 டாலருக்கு வாங்கினார். நாங்கள் 10 லட்சத்து 80 ஆயிரத்துக்கு வாங்கினோம். என் வரி 13,000 டாலரைத் தொட்டது. ஏறக்குறைய ஒன்பது மடங்கு.

அன்று ராத்திரி கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) இணையதளத்தில் உட்கார்ந்தேன். இங்கே முகவரியைத் தட்டினால் எந்த வீட்டின் வரியும் தெரிந்துவிடும், ரகசியம் எதுவும் இல்லை. எங்கள் தெருவின் 22 வீடுகளையும் எக்செல்லில் ஏற்றினேன். அடுத்தடுத்த வீடுகள் 1,300, 9,800, 2,100, 4,600 என்று ஏறி இறங்கின. வீட்டின் அளவுக்கும் வரிக்கும் சம்பந்தமே இல்லை. யார் எந்த வருஷம் குடிவந்தார்கள் என்பது ஒன்றுதான் கணக்கு. உச்சாணியில் நான். மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்க, அடுத்தவங்க சம்பளச் சீட்டைப் பாக்கிற மாதிரி இருக்கு, மூடுங்க" என்றாள்.

இதற்கெல்லாம் காரணம் ப்ராப் 13 என்று இங்கே எல்லாரும் சொல்லும் புரொபசிஷன் 13. 1978 ஜூன் 6 அன்று மக்களே வாக்களித்துக் கொண்டுவந்த சட்டத் திருத்தம். வீட்டு வரி மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, உள்ளூர் மக்கள் ஒப்புக்கொண்ட கடன்களுக்கான வரி மட்டும் அதற்கு மேல் வரலாம். மதிப்பு என்பது 1975-ல் இருந்தது, அல்லது அதற்குப் பிறகு கைமாறியிருந்தால் வாங்கிய விலை. வருஷத்துக்கு அதிகபட்சம் 2 சதவீதம்தான் ஏறலாம். வீடு மறுபடி விற்கிறவரை சந்தை விலை எங்கே போனாலும் இதுதான். வங்கிக் கணக்கில் இருக்கிற பழைய பாஸ்புக் மாதிரி, முதல் பக்கத்தில் எழுதிய தொகை கடைசி வரை உங்களைத் தொடரும்.

இது அநியாயம் என்று முதலில் கண்டுபிடித்தவன் நான்தான் என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். 1988-ல் லாஸ் ஏஞ்சலஸில் 1,70,000 டாலருக்கு ஒரு சின்ன வீடு வாங்கிய நோர்ட்லிங்கர் என்ற பெண்மணி இதே கணக்கைப் போட்டுப் பார்த்து வழக்கு தொடுத்தார். அக்கம்பக்கத்து வீடுகளைவிடக் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு வரி அவருக்கு. மாலிபு கடற்கரையில் 21 லட்சம் டாலர் பெறுமான வீட்டை 1975-க்கு முன்பே வாங்கி வைத்திருந்த ஒருவர் கட்டும் வரிதான், சில டாலர்கள் முன்னே பின்னே, அவருக்கும். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 1992-ல் 8-க்கு 1 என்று தோற்றது. அநியாயமா இல்லையா என்பது எங்கள் கேள்வியே இல்லை, இதற்கு ஏதோ ஒரு நியாயமான காரணம் சொல்ல முடிகிறதா என்பதுதான் கேள்வி என்ற தோரணையில் தீர்ப்பு. மக்கள் போட்ட சட்டம், மாற்ற வேண்டுமானால் மக்களிடமே போங்கள். கதவு அங்கே மூடிவிட்டது.

அந்த நாட்களில் ஆபீஸ் மதிய உணவு மேஜையில் என் தொல்லை தாங்க முடியாமல் சிலர் வேறு மேஜைக்குப் போனார்கள். பெரியவரிடமும் ஒருநாள் கொட்டிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. 1978-ல் தான் ஆம் என்று வாக்களித்ததாகச் சொன்னார்.

அவர் இங்கே ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இன்றைக்கு டெஸ்லா கார்கள் வருகிற அதே இடம். எழுபதுகளின் நடுவில் வீட்டு விலைகள் பேய் மாதிரி ஏறின. அசெஸர் அலுவலகம் விலையைப் பார்த்து மதிப்பை ஏற்றும். கவுண்டி, நகரம், பள்ளி நிர்வாகம் என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு விகிதம் போடும். எல்லாம் கூடி மதிப்பில் 2.5 சதவீதத்துக்கு மேல் போய்விடும். சம்பளம் அதே சம்பளம். அவருடைய மாமியார் ஹேவர்டில் தனியாக இருந்தார். கணவர் கட்டி முடித்த வீடு, கடன் ஒரு பைசா இல்லை. ஆனால் வரிச் சீட்டு மூன்று வருஷத்தில் இரண்டு மடங்காகிவிட்டது. "என் வீட்டுக்கு நானே வாடகை கொடுக்கிறேன்" என்று அந்த அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாராம். அதே சமயம் சாக்ரமெண்டோவில் மாநில அரசின் கையில் கிட்டத்தட்ட 500 கோடி டாலர் உபரி சும்மா கிடந்தது. சட்டமன்றம் பேசிக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் ஹோவர்ட் ஜார்விஸ் என்ற எழுபதைக் கடந்த மனிதரும் பால் கேன் என்பவரும் கையெழுத்துத் தாளோடு கிளம்பினார்கள். 10 லட்சத்துக்கு மேல் கையெழுத்து. ஆளுநர் ஜெர்ரி பிரவுன் எதிர்த்தார். பத்திரிகைகளும் பள்ளிகளும் சங்கங்களும் வேண்டாம் என்றன. 65 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். பிரவுன் மறுநாளே கட்சி மாறிய மாதிரி அதை நிறைவேற்ற ஆரம்பித்துவிட்டார். (அரசியல்வாதிக்கு எந்த ஊரானால் என்ன.) உள்ளாட்சிகளின் வீட்டு வரி வருமானம் ஒரே வருஷத்தில் பாதிக்கும் கீழே போனது.

"82-ல தொழிற்சாலையை மூடினாங்க" என்றார் பெரியவர். "எனக்கு ரெண்டு வருஷம் வேலை இல்லை. பழைய மாதிரி வரி இருந்திருந்தா இந்த வீடு எனக்கு இல்லை. நீ இன்னைக்கு வேற யாரோடயோ பேசிக்கிட்டு இருப்ப."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒன்பது மடங்கு என்று நான் எக்செல்லில் சிவப்பு வண்ணம் அடித்து வைத்திருந்த அந்தக் கட்டத்துக்குள் ஒரு ஆள் வேலை போய் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது.

ஆனாலும் ஒன்று உறுத்தியது. ஜார்விஸ் அப்போது சம்பளம் வாங்கியது லாஸ் ஏஞ்சலஸ் அபார்ட்மெண்ட் உரிமையாளர் சங்கத்தில். வரி குறைந்தால் வாடகையும் குறையும் என்று குடியிருப்போருக்கு வாக்குறுதி கொடுத்தார். சட்டம் வந்தது, வாடகை குறையவில்லை. ஏமாந்தவர்கள் கோபத்தில் லாஸ் ஏஞ்சலஸிலும் சாண்டா மோனிகாவிலும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவர வைத்தார்கள். ஹேவர்ட் மாமியார் போன்றவர்களைக் காட்டித்தான் ஜார்விஸ் தரப்பு ஓட்டு கேட்டது. ஆனால் சட்டத்தில் மாமியாரின் வீடு, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, 20 மாடி அலுவலகம் எல்லாம் ஒன்றுதான். எல்லாவற்றுக்கும் அதே 1975, அதே 2 சதவீதம்.

இன்னும் சொல்லப்போனால் கம்பெனிக் கட்டடங்களுக்குச் சலுகை கூட. வீடு விற்றால் மதிப்பு புதுப்பிக்கப்படும். மனிதன் ஒரு நாள் சாவான், கம்பெனி சாகாது. அப்படியே கைமாறினாலும் ஒரே ஆளின் கைக்கு பாதிக்கு மேல் பங்கு போனால்தான் கைமாறியதாகக் கணக்கு. 2006-ல் கம்ப்யூட்டர் கம்பெனி மைக்கேல் டெல் தரப்பு சாண்டா மோனிகாவில் ஒரு பெரிய கடற்கரை ஹோட்டலை வாங்கியபோது, அவர் பெயரில் கொஞ்சம், மனைவி தரப்பில் கொஞ்சம், மீதி மற்றவர்களுக்கு என்று எவருக்கும் பாதியைத் தாண்டாமல் பிரித்துக்கொண்டார்கள். கவுண்டி வழக்கு நடத்தியும் ஜெயிக்க முடியவில்லை. சட்டப்படி ஹோட்டல் கைமாறவே இல்லை. எனக்குத் தெரிந்து எங்கள் தெருவில் யாரும் வீட்டை இப்படி வாங்கியதில்லை. சமையலறை உனக்கு, வராந்தா எனக்கு என்று.

2019-ல் எனக்குக் குடியுரிமை வந்தது. 18 வருஷ அமெரிக்க வாசத்தில் முதல்முறை ஓட்டு. அதே சமயம் கையெழுத்துத் தாள் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. பிற்பாடு ப்ராப் 15 என்று எண் வாங்கியது அதுதான். வீடுகளைத் தொடாது. வாடகைக் குடியிருப்புகளையும் விவசாய நிலத்தையும் தொடாது. வணிக, தொழிற்சாலைச் சொத்துகளுக்கு மட்டும் சந்தை மதிப்பில் வரி, அதிலும் மாநிலத்தில் மொத்தம் 30 லட்சம் டாலருக்குக் குறைவாகச் சொத்து வைத்திருப்பவர்களுக்கு விலக்கு. வருஷத்துக்கு 650 கோடியில் இருந்து 1,150 கோடி டாலர் வரை வரும் என்று மதிப்பிட்டார்கள். 60 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு, 40 பள்ளிகளுக்கும் சமுதாயக் கல்லூரிகளுக்கும். பெரியவரின் வீட்டைத் தொடாமல் அந்த ஹோட்டல்காரர்களை மட்டும் தொடுகிற திட்டம். எனக்காகவே எழுதியது போல் இருந்தது.

நூலக வாசலில் கையெழுத்துப் போட்டேன். போட்ட கையோடு, நானும் வாங்கித் தரட்டுமா என்று கேட்டுவிட்டேன். ஒரு அட்டையும் தாள் கட்டும் கொடுத்தார்கள்.

கலிஃபோர்னியாவில் 1911-ல் இருந்து இந்த வழி இருக்கிறது. சதர்ன் பசிஃபிக் ரயில்வே கம்பெனி சட்டமன்றத்தைச் சட்டைப் பையில் வைத்திருந்த காலத்தில் ஹைரம் ஜான்சன் என்ற ஆளுநர் கொண்டுவந்தது: சட்டமன்றம் செய்யாவிட்டால் மக்களே சட்டம் எழுதி, கையெழுத்து வாங்கி, வாக்குச்சீட்டில் ஏற்றலாம். மாநில அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டுமானால் கடந்த ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகளில் 8 சதவீதம் கையெழுத்து வேண்டும். 2020-க்கு அது 9,97,139. நான் வாங்கித் தந்தது 61. அதில் எத்தனை தேறியதோ.

ஞாயிற்றுக்கிழமை காலை உழவர் சந்தை, பிறகு இந்திய மளிகைக் கடை வாசல். ஜனவரிக் குளிர். முதலில் கற்றுக்கொண்டது, தாள் ஒவ்வொன்றும் ஒரு கவுண்டிக்கு என்பது. ஃப்ரீமாண்ட் அலமீடா கவுண்டி. பத்து நிமிஷ தூரத்தில் உள்ள மில்பிடாஸ் சாண்டா கிளாரா கவுண்டி. மில்பிடாஸ்காரர் ஒருவர் அன்போடு அலமீடா தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன பிறகுதான் விஷயமே உறைத்தது. முகவரியை அவரவர் கையால் எழுத வேண்டும். சிலர் முழு முகவரி எழுதத் தயங்குவார்கள், அதில் தப்பில்லை, நானும் தயங்குவேன்.

இரண்டாவது கற்றுக்கொண்டது கொஞ்சம் கசப்பு. மளிகைக் கடை வாசலில் என்னிடம் நின்று பொறுமையாகக் கேட்டவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள். இந்தச் சட்டத்தின் அடியை முழுசாக வாங்குகிறவர்களும் அவர்கள்தான்; போன வருஷம், முந்தின வருஷம் வீடு வாங்கியவர்கள். பேசி முடித்துப் பேனாவை நீட்டினால், "ஹெச்1பிங்க", "கிரீன் கார்டு இன்னும் வரலைங்க." வரி கட்டலாம். கையெழுத்துப் போட முடியாது, ஓட்டும் போட முடியாது. ஒரு காலை முழுக்க நாற்பது பேரிடம் பேசி ஆறு கையெழுத்து வாங்கினேன். ஆறில் நாலு பேர் வீடே இல்லாத கல்லூரிப் பிள்ளைகள்.

தோசைக் கடை வைத்திருக்கும் ஒருவரிடம் மட்டும் தோற்றுப்போனேன். மதுரைப் பக்கத்துக்காரர். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "அண்ணே, கட்டடம் என்னுது இல்ல. ஆனா குத்தகைப் பத்திரத்துல வீட்டு வரி, இன்சூரன்ஸ், பராமரிப்பு எல்லாம் என் தலையிலதான் எழுதியிருக்கு. ஓனருக்கு வரி ஏறினா நான்தான் கட்டணும். தோசைக்கு எவ்வளவுண்ணே ஏத்துறது?" என்றார். விலக்கு இருக்கிறதே என்று இழுத்தேன். விலக்கு சொத்துக்காரருக்கு, அவர் சொத்துக்காரரிடம் 30 லட்சத்துக்கு மேல் இருக்கிறது. அவர் சொன்னது சரி. காபி கொடுத்து அனுப்பினார், காசு வாங்கவில்லை.

மார்ச்சில் ஒரு கூத்து. முதல்கட்டத் தேர்தல் வாக்குச்சீட்டில் பள்ளிக் கட்டடங்களுக்கு 1,500 கோடி டாலர் கடன் பத்திரம் வெளியிடுவதற்கான ஒரு முன்மொழிவு வந்தது. அதற்கு வரிசைப்படி கிடைத்த எண், 13. பழைய ப்ராப் 13-க்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. பெரியவரே வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து, "மறுபடி எங்க 13-ல கை வைக்கிறாங்களா?" என்று கேட்டார். இல்லை என்று விளக்கினேன். நம்பினாரா தெரியாது. அது தோற்றது. ஒரு எண்ணுக்கு ஓட்டு விழுந்ததோ என்று எனக்கு இன்றும் சந்தேகம்.

பிறகு கொரோனா. நவம்பர் தேர்தலுக்குப் பதிவு செய்த எல்லாருக்கும் தபாலில் வாக்குச்சீட்டு வந்தது. அதில் மாநில முன்மொழிவுகள் மட்டும் 12. கூடவே மாநிலம் அனுப்புகிற விளக்கப் புத்தகம். ஹிந்தியில்கூடப் போடுகிறார்கள், தமிழில் இல்லை. மனைவியும் நானும் சாப்பாட்டு மேஜையில் மூன்று ராத்திரி உட்கார்ந்து படித்தோம். டயாலிசிஸ் நிலையத்தில் டாக்டர் இருக்க வேண்டுமா, ஊபர் ஓட்டுநர் தொழிலாளியா இல்லையா, எல்லாவற்றுக்கும் நாங்கள்தான் தீர்ப்பு சொல்ல வேண்டும். பரீட்சைக்கு முந்தின ராத்திரி மாதிரி இருந்தது. இதே வேலைக்குத்தானே எம்எல்ஏவுக்குச் சம்பளம் கொடுக்கிறோம் என்றாள் மனைவி.

தபால் பெட்டியில் தினம் வழவழப்பான அட்டைகள். ப்ராப் 15-க்கு ஆதரவாக ஆசிரியர் சங்கங்கள், எதிராக வணிகர் அமைப்புகளும் ஜார்விஸ் பெயரில் இன்றும் இயங்கும் வரி செலுத்துவோர் சங்கமும். எதிர் அட்டைகள் எல்லாவற்றிலும் சாரம் ஒன்றுதான்: இன்றைக்குக் கடை, நாளைக்கு உங்கள் வீடு. பெரியவர் அந்த அட்டைகளில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "நீ நல்ல பையன்தான். ஆனா உனக்குப் பின்னால வர்றவங்களை எனக்குத் தெரியாதே" என்றார். 1978-ல் அரசு பேசிக்கொண்டே இருந்ததைப் பார்த்தவர். நாளைக்கு உங்கள் வீட்டைத் தொட மாட்டோம் என்று யார் எழுதிக் கொடுத்தாலும் அவர் நம்பப் போவதில்லை.

ஏறக்குறைய 1 கோடியே 70 லட்சம் பேர் வாக்களித்தார்கள். ஆம் 48, இல்லை 52.

அதே சீட்டில் ப்ராப் 19 என்று இன்னொன்று இருந்தது, அதை நான் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. ரியல் எஸ்டேட் தரகர்கள் முன்னின்று கொண்டுவந்தது. 55 வயதைத் தாண்டியவர்கள் வீடு மாறினாலும் பழைய வரி மதிப்பை மாநிலத்தின் எந்த மூலைக்கும் எடுத்துப் போகலாம். அதற்கு ஈடாக, அப்பா அம்மாவின் பழைய மதிப்பைப் பிள்ளைகள் அப்படியே அனுபவிக்கும் வசதி சுருங்கும்: பிள்ளை அந்த வீட்டில் தானே வந்து குடியிருந்தால்தான் உண்டு, அதற்கும் ஒரு உச்சவரம்பு. அதற்கு முன்னால் வாடகைக்கு விட்டாலும் பழைய வரிதான். பரம்பரைச் சலுகை ஒழியட்டும் என்று ஆம் போட்டேன். 51 சதவீதத்தில் ஜெயித்தது. நான் கை வைத்ததில் ஜெயித்தது அது ஒன்றுதான்.

2022 இறுதியில் பெரியவர் காலமானார். ஒரே மகன் சாக்ரமெண்டோ பக்கம் இருக்கிறார். அப்பாவின் கருவிகளை கராஜில் இருந்து எடுத்து வைத்துக்கொண்டே பேசினார். வீட்டை விற்க மனசில்லை, வாடகைக்கு விட்டு வைத்திருந்து ஓய்வுக்குப் பிறகு வரலாம் என்றுதான் யோசித்தாராம். ஆனால் புதுச் சட்டப்படி 1,500 டாலர் வரி 20,000 ஆகிறது. விற்கத்தான் வேண்டும். "யாரு இதுக்கெல்லாம் ஓட்டுப் போடுறாங்களோ" என்றார். நான் ஏணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் அம்மாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். திருச்சி உறையூரில் 1,100 சதுர அடி வீடு. 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் சொத்து வரியை உயர்த்தியபோது திருச்சி போன்ற ஊர்களுக்கு 600 சதுர அடிக்குள் இருந்தால் 25 சதவீதம், 1,200 வரை 50 சதவீதம் என்று அடுக்கு வைத்தார்கள், அம்மாவுக்கு 50. உள்ளாட்சித் தேர்தல் முடிந்து ஒன்றரை மாசம்கூட ஆகவில்லை. "விரல்ல மை போறதுக்குள்ள வரிச் சீட்டு வந்துடுச்சு" என்று போனில் சொன்னாள். நீங்க என்ன பண்ணுவீங்க என்று கேட்டாள். நாங்க இதுக்கெல்லாம் ஓட்டெடுப்பு வைப்போம்மா என்றேன் கொஞ்சம் பெருமையாக. "வச்சு?" என்றாள்.

பெரியவர் வீட்டை 2023-ல் கோயம்புத்தூர்க்காரத் தம்பதி வாங்கினார்கள். 17 லட்சத்து 50 ஆயிரம். ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. எலுமிச்சை மரத்தை வெட்டிவிடுவார்களோ என்று பயந்தேன், வெட்டவில்லை; ஊறுகாய் போட்டு எங்களுக்கும் ஒரு பாட்டில் கொடுத்தார்கள்.

போன வருஷம் வாட்ஸப் குழுவில் ஒருவர், வீட்டு வரியை மொத்தமாகச் சீர்திருத்த மறுபடி ஏதாவது செய்ய வேண்டும் என்று நீளமாக எழுதியிருந்தார். அருமை என்று கட்டைவிரல் போடுவதற்கு முன், என்னையறியாமல் என் வரிச் சீட்டைத் திறந்து பார்த்தேன். வாங்கியபோது இருந்த மதிப்பு வருஷத்துக்கு 2 சதவீதத்துக்குள் ஏறி 12 லட்சத்துச் சொச்சத்தில் நிற்கிறது. நான் கட்டுவது 15,000. இதே வீட்டை இன்று வாங்குகிறவர் 21,000 கட்ட வேண்டும். ஒரு துளி வியர்வை சிந்தாமல் வருஷத்துக்கு 6,000 டாலர் எனக்கு மிச்சம். அடுத்த வருஷம் இன்னும் கூடும். நானும் எழுபது வயதில் இந்தக் கராஜில் ஏணி வைத்திருப்பேன் என்று வைத்துக்கொண்டால், என் தவணையைக் கேட்டு எவனாவது வாய்பிளப்பான். கட்டைவிரல் போட்டேன். ஆனால் சீட்டைப் பார்த்த பிறகு போட்டேன்.

போன டிசம்பர் முதல் வாரம் கோயம்புத்தூர்த் தம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டார். கையில் வரிச் சீட்டு.

"அண்ணா, இது சரியாத்தான் வந்திருக்குங்களா? நீங்க எவ்வளவு கட்றீங்க?"

சொன்னேன். அவர் மனைவி உள்ளே இருந்து எட்டிப் பார்த்து, "இதுக்கு முந்தி இந்த வீட்ல இருந்தவங்க?" என்றார். அதையும் சொன்னேன். அவர் போனை எடுத்து வகுத்துப் பார்ப்பது தெரிந்தது. பதினைந்து மடங்கு. யாரும் பேசவில்லை.

"இதை மாத்தவே முடியாதுங்களாண்ணா?"

முடியும், ஓட்டுப் போட்டுத்தான் மாற்ற வேண்டும், ஒருமுறை பக்கத்தில் வந்து தவறியது என்று சொல்ல ஆரம்பித்தேன். தம்பி பாதியிலேயே சிரித்துவிட்டார். அவருடைய கிரீன் கார்டு வரிசைத் தேதி 2015 மார்ச். வரிசை இன்னும் அந்தப் பக்கமே வரவில்லை.

மரத்தடியில் குழந்தை உதிர்ந்த எலுமிச்சைகளைப் பொறுக்கி ஒரு வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள். இங்கேயே பிறந்தவள்.

"எங்க வீட்ல ஓட்டு முதல்ல அவளுக்குத்தான் வரும் போலங்ணா" என்றார்.